ஃப்ளூ ஊசியை முதலில் யாருக்குப் போடுவது?

ஐப்பசி மழை பிடித்ததும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் காய்ச்சல் வரிசை நீள ஆரம்பித்துவிடும். அந்த வரிசையில் நிற்பவர்களை நாம் மனதுக்குள் இரண்டாகத்தான் பிரிக்கிறோம். டெங்குவாக இருக்குமோ என்று பயப்பட வேண்டியவர்கள் ஒரு பக்கம். "சாதா சளிக் காய்ச்சல்தான்" என்று பாரசிட்டமாலோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கூட்டத்துக்குள்தான் இன்ஃப்ளுயன்சா, அதாவது ஃப்ளூ, ஒளிந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவார்கள். சிலர் நிமோனியா முற்றி வெண்டிலேட்டர் வரை போவார்கள்.

இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. விவரம் தெரிந்து, கையில் காசும் இருக்கிற பெற்றோர் தனியார் குழந்தை மருத்துவரிடம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் பிள்ளைக்குப் போட்டுக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்கு இப்படி ஓர் ஊசி இருப்பதே தெரியாது. இந்த நிலை மாற வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அப்படி மாற்றுவதென்று அரசு முடிவெடுத்தால் முதல் ஆண்டே எல்லோருக்கும் போட முடியாது. யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு உலகம் இதுவரை நான்கு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது: முதியவர்களுக்கு, பள்ளிக் குழந்தைகளுக்கு, எல்லோருக்கும், கர்ப்பிணிகளுக்கு. தமிழ்நாட்டுக்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம்.

முதலில் இது குளிர் நாட்டு நோய் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். 1918 கொள்ளைநோயில் உலகிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த நாடு இந்தியா. ஒரு கோடிக்கும் மேல் என்பதுதான் வரலாற்றாய்வாளர்களின் கணக்கு. 1957-இல் ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள் நுழைந்த வாசலே சென்னைத் துறைமுகம். அந்த மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் காய்ச்சலோடு பயணிகள் வந்து இறங்கினார்கள், அங்கிருந்து அது நாடு முழுவதும் போனது. அப்போது இந்தியாவின் இன்ஃப்ளுயன்சா ஆய்வு மையம் இருந்ததும் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில்தான். 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்ற பெயரோடு வந்த எச்1என்1 வகை பிறகு போகவே இல்லை. 2015-இல் மட்டும் இந்தியாவில் 42,000-க்கும் மேற்பட்டோருக்கு அது உறுதியாகி, ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். இது பரிசோதனை செய்து பார்த்தவர்களின் கணக்கு மட்டும். பரிசோதனை எட்டாதவர்கள் எத்தனை பேர் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இந்த ஊசியின் குணத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தேர்வு முழுவதும் அதைப் பொறுத்தது. போலியோ சொட்டு மருந்து மாதிரி கொடுத்து முடித்து நோயை விரட்டிவிட முடியாது. வைரஸ் தன் மேலுறையை மாற்றிக்கொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், ஊசியில் எந்தெந்த வகைகள் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதைத் தயாரித்து முடிக்க ஆறு மாதம் ஆகும். கணிப்பும் வைரஸும் ஓரளவு பொருந்தும் ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் வரை குறையும். பொருந்தாத ஆண்டுகளில் பலன் இதைவிடக் கீழே இறங்கும். போட்ட சில மாதங்களில் எதிர்ப்பாற்றலும் தேய ஆரம்பிக்கும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் வாங்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டும். ஒருமுறை பெரிய விழாவாகத் தொடங்கிவைத்துவிட்டு மறந்துவிடும் திட்டத்துக்கு இந்த ஊசி சரிப்படாது.

சரி, முதியவர்கள். இதுதான் மிகப் பழைய பதில். ஃப்ளூவால் சாகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், அதனால் அவர்களுக்கே முதலில் போடுவோம் என்பது யாருக்கும் புரியும் நியாயம். அமெரிக்கா பல பத்தாண்டுகளாக இதைச் செய்துவருகிறது. இங்கிலாந்து 2000-இல் 65 வயதைக் கடந்த அனைவருக்கும் என்று விரித்தது. ஆனால் அமெரிக்க அனுபவத்தில் ஒரு நெருடல் இருக்கிறது. 1980-க்கு முன் அங்கே முதியவர்களில் ஐந்தில் ஒருவர்கூட ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளவில்லை. 2001-இல் மூவரில் இருவர் போட்டுக்கொண்டார்கள். இவ்வளவு உயர்ந்தும் முதியோரின் ஃப்ளூ மரணங்கள் அதற்கேற்றபடி குறையவில்லை என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. காரணம் எளிது. ஊசி என்பது உடலுக்கு ஒரு பயிற்சி. பயிற்சியை வாங்கிக்கொள்ளும் நோய் எதிர்ப்பு மண்டலமே வயதோடு தளர்ந்துவிடுகிறது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம்தான் ஊசி குறைவாக வேலை செய்கிறது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வுகள் இந்த வித்தியாசத்தை எண்களில் காட்டுகின்றன. ஒருவருக்கு ஃப்ளூ வராமல் தடுக்க எத்தனை பேருக்கு ஊசி போட வேண்டும்? குழந்தைகளில் ஐந்து பேருக்கு. முதியவர்களில் முப்பது பேருக்கு. ஆரோக்கியமான நடுவயதினரில் 71 பேருக்கு. ஆனால் இது காய்ச்சல் வராமல் தடுப்பதன் கணக்கு, மரணத்தைத் தடுப்பதன் கணக்கல்ல. ஒரு பள்ளிச் சிறுவனுக்கு வரும் ஃப்ளூவும், சிறுநீரகம் பாதி செயலிழந்த எழுபது வயதுக்காரருக்கு வரும் ஃப்ளூவும் ஒரே எடை கொண்டவை அல்ல.

அதனால் முதியவர்களை ஒதுக்கிவிட நான் சொல்லவில்லை. வயதை விட்டுவிட்டு நோயைப் பார்க்க வேண்டும் என்கிறேன். மாரடைப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அங்கேயே ஃப்ளூ ஊசி போட்டு ஓராண்டு கவனித்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. எட்டு நாடுகளில் நடந்தது, அவற்றில் வங்கதேசமும் ஒன்று. ஊசி போடாதவர்களில் 4.9 சதவீதம் பேர் அந்த ஓராண்டுக்குள் இறந்தார்கள், போட்டவர்களில் 2.9 சதவீதம். ஓர் எளிய ஊசிக்கு இது சாதாரணப் பலன் இல்லை. ஃப்ளூ நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தக் குழாய்களிலும் அழற்சியைக் கிளப்புகிறது என்பதால் இதயத்துக்கும் இந்த ஊசிக்கும் இப்படி ஓர் உறவு.

தமிழ்நாட்டில் இந்தப் பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கு வீட்டு வாசலிலேயே மாத்திரை கிடைக்கிறது. யாருக்கு என்ன நோய், எந்தத் தெரு என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. ஒரு சிக்கல் உண்டு. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் ஊசி போட முடியாது, அதற்குச் செவிலியர் வேண்டும், குளிர்பெட்டி வேண்டும். நடமாட முடிகிறவர்களை ஒரு குறிப்பிட்ட நாளில் துணை சுகாதார நிலையத்துக்கு வரச்சொல்லலாம். படுக்கையில் இருப்பவர்களுக்குச் செவிலியர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

அடுத்தது குழந்தைகள். நான்கு வழிகளில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பள்ளிதான் ஃப்ளூ பரவும் களம். வைரஸ் குழந்தைகளின் உடலில் அதிக நாள் தங்குகிறது, அதிக அளவில் வெளிவருகிறது. அங்கிருந்து வீட்டுக்கு வந்து, தாத்தா பாட்டியின் மடியில் ஏறுகிறது. குழந்தைகளுக்குப் போட்டால் தாத்தா பாட்டியும் பிழைப்பார்கள் என்ற யோசனையை ஒரு தேசமே செய்து பார்த்தது: ஜப்பான். 1957 ஆசிய ஃப்ளூவில் அடிபட்ட பிறகு, 1962-இல் பள்ளிக் குழந்தைகளுக்கு ஊசி போடும் திட்டத்தை அது தொடங்கியது. 1977 முதல் அது கட்டாயமானது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் விகிதம் 50 முதல் 85 சதவீதம் வரை இருந்தது. முதியவர்களுக்கென்று தனித் திட்டம் எதுவும் இல்லை.

பிறகு சந்தேகம் வந்தது. 1979-இல் குன்மா மாகாணத்தின் மேபாஷி நகரில் ஊசிக்குப் பிறகு ஒரு குழந்தைக்கு வலிப்பு ஏற்பட, அந்த நகர மருத்துவர்கள் திட்டத்தையே நிறுத்தினார்கள். ஊசி நிறுத்திய மேபாஷியையும் தொடர்ந்த பக்கத்து நகரங்களையும் சில ஆண்டுகள் ஒப்பிட்டு, பள்ளிக்கு வராத குழந்தைகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1987-இல் அறிக்கை கொடுத்தார்கள். அந்த ஆண்டே, விரும்பாத பெற்றோர் மறுக்கலாம் என்று விதி தளர்ந்தது. 1994-இல் திட்டம் முடிவுக்கு வந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2001-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஜப்பானின் குளிர்கால மரணங்களை ஐம்பது ஆண்டு நெடுகப் பார்த்தவர்கள், பள்ளித் திட்டம் இருந்த காலத்தில் கூடுதல் மரணங்கள் குறைந்ததையும், திட்டம் நின்றபின் மறுபடி ஏறியதையும் கண்டார்கள். ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 மரணங்களை அந்தத் திட்டம் தடுத்தது என்பது அவர்கள் மதிப்பீடு. அதாவது ஏறத்தாழ 420 குழந்தைகளுக்கு ஊசி போட்டால் ஒரு மரணம் தடுக்கப்பட்டது. காப்பாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஊசியே போடாத முதியவர்கள். மேபாஷி மருத்துவர்கள் பள்ளி வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். பலன் கிடைத்ததோ வேறு வீட்டு முற்றத்தில். இந்த ஆய்வின் மீதும் விமரிசனம் உண்டு. ஒரு நாட்டின் மொத்த மரணங்களைக் கொண்டு காரணத்தை நிறுவ முடியாது, அதே காலத்தில் ஜப்பானில் வீடுகளும் உணவும் மருத்துவமும் மாறின, முதியோர் எண்ணிக்கையும் கூடியது. இருந்தாலும் இப்படி ஒரு தடயத்தைக் கண்ட பிறகு யாரும் அலட்சியமாகக் கடந்துபோக முடியாது.

இதை முறையான சோதனையாகச் செய்தவர்கள் கனடாக்காரர்கள். ஹட்டரைட் என்ற கிறித்தவப் பிரிவினர் அங்கே மேற்கு மாகாணங்களில் சிறு சிறு குடியிருப்புகளாக, சொத்தைப் பொதுவில் வைத்து வாழ்கிறார்கள். 49 குடியிருப்புகளை எடுத்து, சிலவற்றில் குழந்தைகளுக்கு ஃப்ளூ ஊசியும் மற்றவற்றில் ஒப்பீட்டுக்காகக் கல்லீரல் அழற்சிக்கான ஊசியும் போட்டார்கள். குழந்தைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஃப்ளூ ஊசி போட்ட இடங்களில், ஊசி போடாத மற்றவர்களுக்கு ஃப்ளூ வருவது 61 சதவீதம் குறைந்திருந்தது. இங்கிலாந்து 2013-இல் குழந்தைகளுக்கு மூக்கில் பீய்ச்சும் மருந்தாகவே தொடங்கியது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த முன்னோடிப் பகுதிகளில், 2014-15 பருவத்தில் பெரியவர்கள் ஃப்ளூ அறிகுறியோடு மருத்துவரிடம் போவதுகூடப் பாதிக்கு மேல் குறைந்தது.

இவ்வளவும் படித்தால் குழந்தைகளுக்கே முதலில் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஹட்டரைட் குடியிருப்பு ஒரு தனித்தீவு மாதிரி. சென்னை மாநகரப் பேருந்து அப்படியில்லை. நம் நாட்டிலேயே, ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் குழந்தைகளுக்கு ஃப்ளூ ஊசியும் ஒப்பீட்டுக்குப் போலியோ ஊசியும் போட்டு மூன்றாண்டு சோதித்தார்கள். ஊசி போட்ட குழந்தைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. வீட்டிலிருந்த மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்த பலன் ஆண்டுக்கு ஆண்டு மாறியது, நம்பித் திட்டம் போடும் அளவுக்கு நிலையாக இல்லை. நெரிசல், வீடுவிட்டு வீடு போய்வருதல், ஒரே பருவத்தில் அடங்காமல் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றும் வைரஸ் என்று இந்தியச் சூழல் வேறு.

அப்புறம் கணக்கு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒரு கோடிக்கு மேல் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை போட வேண்டும். ஊசி போடாதவர்களுக்கும் பாதுகாப்பு பரவ வேண்டுமென்றால் பாதிப் பேருக்காவது போட்டாக வேண்டும். பத்துச் சதவீதத்தோடு நின்றால் அந்தப் பத்துச் சதவீதத்துக்கு மட்டும்தான் பலன், தாத்தா பாட்டிக்கு ஒன்றும் இல்லை. குழந்தைகள் வழியின் பலவீனமே இதுதான்: பாதியில் நின்றால் அதன் முக்கியமான பலன் கிடைக்காமலே போகும்.

பாதியில் நிற்பதற்கான வாய்ப்பும் கற்பனை இல்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடந்தபோது என்ன ஆனது என்பது நினைவிருக்கும். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகள் இலக்கு. வாட்ஸ்அப் வதந்தி ஒன்று கிளம்பியது, பல பெற்றோர் அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அது ஒரே தவணையில் முடிகிற, பலன் உறுதியான ஊசி. ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் போட வேண்டிய, போட்ட பிறகும் சிலருக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும் ஊசியை அதே பள்ளி வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனால் எதிர்ப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். அந்த எதிர்ப்பு ஃப்ளூ ஊசியோடு நிற்காமல் மற்ற ஊசிகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது என் பயம்.

எல்லோருக்கும் என்ற மூன்றாவது வழியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2000-இல் ஆறு மாதக் குழந்தை முதல் அனைவருக்கும் இலவசம் என்று அறிவித்தது. உலகிலேயே அப்படிச் செய்த முதல் அரசு அதுதான். ஊசி போடுவோர் 18 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாக உயர்ந்தார்கள். மரணங்களும் மருத்துவமனைச் சேர்க்கைகளும் மற்ற மாகாணங்களைவிட அதிகம் குறைந்தன. அதாவது பணக்கார மாகாணம் ஒன்று கதவை முழுதாகத் திறந்துவைத்தும் பத்துக்கு நாலு பேர்கூட உள்ளே வரவில்லை. ஏழு கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் தமிழ்நாட்டில் இதை முதல் படியாக வைத்தால், தகவல் முதலில் எட்டுகிற நகரத்து நடுத்தர வர்க்கம் மருந்தைத் தீர்த்துவிடும். இப்போது தனியாரில் நடப்பதே அரசுச் செலவில் நடக்கும்.

நான்காவது, கர்ப்பிணிகள். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் கர்ப்பிணிகளை முதல் முன்னுரிமையாக வைத்தது. காரணங்கள் இரண்டு. கர்ப்பத்தின் பின்பகுதியில் நுரையீரலுக்கு இடம் குறைகிறது, நோய் எதிர்ப்பு இயக்கமும் மாறுகிறது. ஃப்ளூ வந்தால் கடுமையாக வரும். 2009 பன்றிக் காய்ச்சலின்போது உலகெங்கும் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் கர்ப்பிணிகள் அளவுக்கு மீறி இருந்தார்கள். இரண்டாவது காரணம் பிறக்கப்போகும் குழந்தை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் போட ஃப்ளூ ஊசியே கிடையாது. அந்தக் குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் கிடைக்க ஒரே வழி, தாயின் ரத்தத்திலிருந்து தொப்புள்கொடி வழியாக வருவது. ஐந்து வயதுக்குக் கீழே ஃப்ளூ நுரையீரல் நோயால் இறக்கும் குழந்தைகளில் 99 சதவீதம் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆதாரமும் பக்கத்து வீட்டிலிருந்தே வந்தது. வங்கதேசத்தில் 340 தாய்மார்களோடு நடந்து 2008-இல் வெளியான சோதனையில், ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் ஃப்ளூ வருவது 63 சதவீதம் குறைந்தது. சின்ன ஆய்வு என்பதால் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மாலியில் மூன்றில் ஒரு பங்கு. நேபாளத்தில் 30 சதவீதம்தான், ஆனால் அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 42 கிராம் கூடியிருந்தது. 63-இல் தொடங்கி 30-க்கு இறங்கியதை நான் மறைக்க விரும்பவில்லை. தென்னாப்பிரிக்கத் தரவை இன்னும் நுணுக்கிப் பார்த்தபோது, பாதுகாப்பு முதல் எட்டு வாரத்தில் மிக அதிகமாகவும் பிறகு வேகமாகக் குறைவதாகவும் தெரிந்தது. அந்த முதல் எட்டு வாரம் பச்சைக் குழந்தைக்கு எவ்வளவு ஆபத்தான காலம் என்பதைக் குழந்தை வார்டில் வேலை செய்த யாரிடமும் கேட்கலாம்.

நடைமுறையில் இந்த வழிதான் நமக்கு மிகச் சுலபம். தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண்ணை வாங்காத கர்ப்பிணியே கிட்டத்தட்ட இல்லை. கிராம சுகாதார செவிலியர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், எத்தனையாவது மாதம் என்று மனப்பாடமாகச் சொல்வார், டிடி ஊசி போட்டிருப்பார். புதிதாக முகாம் வேண்டாம், புதுப் பதிவேடு வேண்டாம். அதே குளிர்பெட்டி, கர்ப்பிணிப் பரிசோதனையும் தடுப்பூசியும் ஏற்கெனவே நடக்கும் அதே செவ்வாய், புதன் கிழமைகள். ஒரு தவணை போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகள் வழியைப் போல இதற்கு ஒரு குறைந்தபட்ச விகிதம் தேவையில்லை. ஒரு கர்ப்பிணிக்குப் போட்டால் அந்தத் தாய்க்கும் குழந்தைக்கும் பலன். ஆயிரம் பேரோடு பணம் தீர்ந்துபோனாலும் அந்த ஆயிரம் வீட்டுக்கு அது வீண் இல்லை.

ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது லட்சம் பிரசவங்கள். ஆனால் ஒன்பது லட்சம் ஊசியும் தேவைப்படாது என்பது என் கணிப்பு. வட இந்தியாவின் பெரும்பகுதியில் ஃப்ளூ உச்சம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னை, வேலூர் தரவுகளில் அது வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் வருகிறது. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பிறக்கும் குழந்தைகள்தான் அந்த மழைக்காலத்தைத் தங்கள் முதல் வாரங்களில் சந்திக்கிறார்கள். ஜூலை முதல் நவம்பர் வரை, ஆறாம் மாதம் தாண்டிய கர்ப்பிணிகளில் டிசம்பருக்குள் பிரசவம் ஆகப்போகிறவர்களுக்குப் போட்டால் போதும். நான்கு லட்சம் ஊசிக்குள் முதல் ஆண்டு முடிந்துவிடும். டெல்லியின் காலண்டரைப் பார்த்து ஏப்ரலில் போட்டுத் தீர்த்துவிட்டால், ஐப்பசியில் பாதி பலன் கரைந்திருக்கும். கொள்முதல் அதற்கேற்ப நடக்க வேண்டும். ஜூலையில் கையில் இருக்கப்போவது தென்கோள ஊசி, அதன் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்த வழியின் உண்மையான இடர் பயம்தான். "மாசமா இருக்கிற பொண்ணுக்கு எதுக்கு ஊசி?" என்று மாமியாரோ அம்மாவோ கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 1976-இல் அமெரிக்கா பன்றிக் காய்ச்சல் பயத்தில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோருக்கு அவசரமாக ஊசி போட்டது. கொள்ளைநோய் வரவில்லை. ஆனால் ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைச் செயலிழக்கவைக்கும் குய்லன்-பாரே எனும் நோய் கூடுதலாகத் தெரிந்து, டிசம்பரில் திட்டம் நின்றது. இன்றைய ஊசிகளில் அந்த இடர், இருந்தால், பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டு. கர்ப்பிணிகளுக்குப் போடுவது செயலிழக்கச் செய்த வைரஸின் கூறுகள் மட்டும். அதிலிருந்து ஃப்ளூ வர வழியில்லை. இருந்தாலும் நான்கு லட்சம் கர்ப்பங்களில் சில, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், துயரமாக முடியும். அப்படி ஒன்று ஊசி போட்ட மறுநாள் நடந்தால் மொத்தப் பழியும் ஊசி மேல் விழும். அதனால் ஊசி தொடங்குவதற்கு முந்தைய மூன்றாண்டுகளின் கருச்சிதைவு, குறைப்பிரசவ எண்ணிக்கைகளை மாவட்டவாரியாக அரசு முன்கூட்டியே வெளியிட வேண்டும். செவிலியரிடம் அந்த எண்கள் இருந்தால்தான் கேட்கிற அம்மாவுக்கு அவர் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

அந்தச் செவிலியர் தானும் போட்டிருக்க வேண்டும். சுகாதாரப் பணியாளர்களை நான் தனி வழியாக எண்ணவில்லை, எந்த வழிக்கும் இது முன்நிபந்தனை. சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2005 வாக்கில் ஊழியர் அனைவருக்கும் ஊசியைக் கட்டாயமாக்கி 54 சதவீதத்தை 97-க்கு மேல் கொண்டுபோனது. நம்மூரில் கட்டாயம் வேண்டாம். பிரசவ வார்டிலும் பச்சைக் குழந்தைப் பிரிவிலும் வேலை செய்பவர்களுக்குப் பணி நேரத்திலேயே, அவர்கள் இடத்துக்கே கொண்டுபோய்ப் போட்டால் பாதி வேலை முடியும்.

ஊசியே வேண்டாம், ஃப்ளூவுக்கான டாமிஃப்ளூ மருந்தை இருப்பு வைத்துக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. அந்த மருந்து காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். நம் மக்கள் இரண்டு நாள் மருந்துக்கடை மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். இருப்பு வேண்டும், அதை நம்பி மட்டும் இருக்க முடியாது.

ஆக என் வரிசை இது. முதல் ஆண்டு, மழைக்கு முந்தைய மாதங்களில் கர்ப்பிணிகளும் அவர்களைத் தொடும் பணியாளர்களும். இரண்டாம் ஆண்டு, மக்களைத் தேடி மருத்துவம் பட்டியலில் அறுபது வயதைத் தாண்டிய சர்க்கரை, இதய, சிறுநீரக நோயாளிகள். அரசு மருத்துவமனையில் மாரடைப்புக்குச் சேருகிறவர்களுக்கு வீட்டுக்கு அனுப்பும் முன்பே. இந்த வரிசைக்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மொத்த மரண எண்ணிக்கையில் முதியவர்களே அதிகம். கர்ப்பிணிகளை முன்னால் வைப்பதால் அந்த ஓராண்டில் சில முதியவர்களுக்கு ஊசி கிடைக்காமல் போகும். அப்படியும் ஏன் இந்த வரிசை? ஊசி நன்றாக வேலை செய்யும் உடல், நம்பிப் போய்ச் சேரும் வழி, வேறு பாதுகாப்பே இல்லாத குழந்தை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்வது இங்கே மட்டும்தான். முதல் ஆண்டு ஒழுங்காக நடந்தால்தான் இரண்டாம் ஆண்டுக்கு நிதித் துறையிடம் பேச முடியும்.

குழந்தைகள் திட்டத்தை நான் மூடிவிடவில்லை. ஜப்பான் தடயத்தை நம் மண்ணில் சோதித்தே ஆக வேண்டும். இரண்டு நடுத்தர மாவட்டங்களை எடுத்து, ஒன்றில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சம்மதத்தோடு மூன்றாண்டு ஊசி போட்டு, இரண்டிலும் அறுபது வயதைக் கடந்தவர்களின் நிமோனியாச் சேர்க்கைகளை அரசு மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து எடுத்து ஒப்பிடலாம். மாதிரிகளைப் பரிசோதிக்கக் கிண்டி கிங் நிலையம் இருக்கிறது. தாத்தா பாட்டிகளின் சேர்க்கை தெளிவாகக் குறைந்தால் என் வரிசையை மாற்றிக்கொள்வேன். ஊசிக்குப் பதிலாக மூக்கில் பீய்ச்சும் மருந்து மலிவாகக் கிடைத்தால் அந்த மாற்றம் இன்னும் சீக்கிரம் நடக்கும்; பள்ளி வாசலில் ஊசியைக் கண்டு அழும் பிள்ளையும் இல்லை, இருபது பிள்ளைகளுக்கு ஒரு செவிலியர் என்று காத்திருக்கவும் வேண்டாம்.